அரியமுத்துவின் சந்தேகமும் தர்மராஜின் எம்பிராய்டரி மிஷினும்

அரியலூரில் சிமெண்டுத் தூசி படியாத இடம் இருக்கலாம். அரியமுத்துவின் சந்தேகம் படியாத ஆள் கிடையாது. தூசியையாவது ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.

அவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன், பார்த்த வேலை அப்படி. பெரம்பலூர் போகிற சாலையில் ஒரு தனியார் எடைமேடை. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, ஏறி நிற்கிற லாரிகளுக்கு எடைச்சீட்டு கொடுப்பது அவர் உத்தியோகம். பருத்தி லோடு மேடையில் ஏறும்போது கிளீனர் கேபினுக்குள் படுத்திருப்பான். காலி வண்டிக்கு எடை போடும்போது அதே கிளீனர் எதிர்த்த டீக்கடையில் நிற்பான். அவன் உடம்புக்கும் சேர்த்து யாரோ பருத்தி விலை கொடுத்தாக வேண்டும். இன்னொரு வண்டியின் அடியில் தண்ணீர் டிரம் தொங்கும். லோடோடு வரும்போது நிறைந்திருக்கும், காலியாகத் திரும்பும்போது அதுவும் காலியாக இருக்கும். கேட்டால், முகம் கழுவினேன் என்பான் டிரைவர். இதையெல்லாம் பார்த்துப் பழகிய கண்ணால் சொந்தபந்தத்தைப் பார்த்தால், அவர்களும் ஆளுக்கொரு டிரம்மைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வருவதுபோலத்தான் தெரியும்.

கல்யாண வீட்டில் மொய் வைத்தால், எழுதுகிறவர் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டும்வரை அந்த இடத்தை விட்டு நகரமாட்டார். அரசாங்கத்தையும் விட்டுவைக்கவில்லை. அரியலூரைத் தனி மாவட்டம் என்றார்கள்; மறுவருஷமே மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள். அதிலிருந்து எந்த விண்ணப்பப் பாரத்திலும் மாவட்டம் என்கிற இடத்தைக் காலியாக விட்டுவிடுவார். "மொதல்ல அவங்க முடிவு பண்ணட்டும்" என்பார்.

இப்பேர்ப்பட்ட மனிதர் 2006-ஆம் வருஷம் முகம் தெரியாத ஒருவனை நம்பினார். அதைத்தான் சொல்ல வந்தது.

அவர் மனைவி புவனேஸ்வரி வீட்டு முன்னறையில் ஜாக்கெட் தைக்கிறவள். தையலில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வருஷம் கல்யாணப் பெண்களுக்கெல்லாம் கையிலும் முதுகிலும் மயிலும் மாங்காயும் பூத்தால்தான் மனசு நிறைந்தது. அளவு கொடுப்பது இவளிடம், பூப்போடக் கொண்டுபோவது திருச்சிக்கு. போனவர்கள் அடுத்த தடவை அளவையும் அங்கேயே கொடுத்துவிட்டார்கள். தை மாசத்துக்குள் ஒரு எம்பிராய்டரி மிஷின் வாங்காவிட்டால் தன் கடை வெறும் கிழிசல் தைக்கிற இடமாகிவிடும் என்று புவனேஸ்வரிக்குத் தெரிந்துபோயிற்று. கட்டிவந்த சீட்டைத் தள்ளி எடுத்தாள். முப்பத்தெட்டாயிரம் வந்தது. புது மிஷினுக்கு அது காணாது. பழசுக்குக் காணும். அந்தப் பணம் தொலைந்தால் மிஷினும் இல்லை, மிச்சச் சீட்டையும் கட்டியாக வேண்டும்.

"எந்தம்பி கம்பெனியில சாம்பிள் மிஷின் பழசக் கழிப்பாங்களாம். ஒரு வார்த்தை கேக்கவா?" என்றாள். அவள் தம்பி கலைச்செல்வன் சென்னையில் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்த்தான்.

"கேளு. கழிச்சதக் கொண்டாந்து நம்ம தலையில கட்டுவான். நடுவுல அவனுக்கு ஒரு கமிஷன், அவன் மேஸ்திரிக்கு ஒரு கமிஷன்."

"எந்தம்பி உங்ககிட்டயா கமிஷன் பாப்பான்?"

"எங்கிட்ட பாக்கமாட்டான். உங்கிட்ட பாப்பான். காசு உன்னோடதுதான?"

ஆக, தம்பி கழிந்தான். அரியமுத்து நேராகப் பெரம்பலூருக்குப் போனார். அரியலூரில் விசாரித்தால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று ஒரு முன்னெச்சரிக்கை. பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அறிவரசன் என்பவர் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, கம்ப்யூட்டர் தெரியாதவர்களுக்குத் தானே தேடியும் கொடுப்பார். அவர் ஒரு விளம்பரத்தைக் கண்டுபிடித்தார். ஜப்பான் மிஷின், ஒரு நேரத்தில் ஒரு துணியில் பூப்போடுகிற ஒத்தைத் தலை, இரண்டே வருஷம் ஓடியது. விற்பவர் சூரத்தில் இருக்கிற தர்மராஜ்.

"தமிழரு மாதிரி தெரியுதுங்க. மெயில் போட்டுப் பாக்கலாமா?" என்றார் அறிவரசன்.

"நீங்க அங்கிட்டுத் திரும்பி உக்காருங்க. நான் சொல்லச் சொல்ல அடிச்சாப் போதும்."

"திரும்பி உக்காந்தா எப்படிங்க அடிக்கிறது?"

மெயில் போயிற்று. மறுநாள் எடைமேடைக்கே போன் வந்தது. அரியமுத்து கேட்க வேண்டும் என்று வைத்திருந்த கேள்விகளை எல்லாம் மறுமுனையில் இருந்தவன் முதலில் கேட்டுவிட்டான்.

"சார், நான் தர்மராஜ். பூர்வீகம் கும்பகோணம் பக்கம். தப்பா நெனைக்காதீங்க, நீங்க நெஜமாவே அரியலூர்தானா? எடைமேடைன்னு சொன்னீங்க, பின்னாடி லாரி சத்தமே கேக்கலியே?"

அரியமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த நேரத்தில் மேடையில் வண்டி இல்லை என்பது உண்மை. அடுத்து ஒரு சுண்ணாம்புக்கல் டிப்பர் ஏறும்வரை லைனில் காத்திருந்து, அதன் உறுமலைக் கேட்ட பிறகுதான் தர்மராஜ் மேலே பேசினான். ரேஷன் கார்டு நகல் கேட்டான். அனுப்பினால், குடும்பத் தலைவர் போட்டோவில் மீசை இருக்கிறதே, இப்போதும் இருக்கிறதா என்று கேட்டான். ஏற்கெனவே இரண்டு பேர் தன்னை ஏமாற்றிவிட்டதாகவும், அதிலிருந்து பெற்ற தாயைக்கூட ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் அம்மா என்று கூப்பிடுவதாகவும் சொன்னான்.

அரியமுத்து கூண்டை விட்டு வெளியே வந்து ஒரு டீ குடித்தார். இத்தனை வருஷத்தில் தன்னைப்போல ஒருவனை அவர் பார்த்ததே இல்லை. ஊரில் எல்லோரும் அவர் சந்தேகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். சூரத்தில் ஒருவன் அதைத் தொழிலாகவே வைத்திருக்கிறான். (அது எவ்வளவு பெரிய உண்மை என்பது அவருக்கு அப்போது தெரியாது.)

பணம் எப்படி அனுப்புவது என்கிற பேச்சு வந்தபோது தர்மராஜ் இன்னும் ஒரு படி மேலே போனான்.

"எனக்கு அனுப்பாதீங்க சார். நான் யாரு, உங்களுக்குத் தெரியுமா? கைநீட்டி வாங்கிட்டு ஓடிட்டா என்ன பண்ணுவீங்க?"

"பின்ன?"

"மணி டிரான்ஸ்பர் கவுண்டர் இருக்குல்ல, அதுல உங்க ஆள் பேருக்கே போடுங்க. மச்சான், மாமன், யாரா இருந்தாலும் சரி. பணம் உங்க ஆள் பேர்லயே கெடக்கட்டும். மிஷின் வந்து, ஓட்டிப் பாத்து, மயில் போட்டுப் பாத்து, அப்பறமா எம்பேருக்கு மாத்துனாப் போதும். எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. ரசீதோட நகல். பணத்தைக் கட்டிட்டீங்கன்னு நான் நம்பணும்ல? நம்பரை மறைச்சுட்டே அனுப்புங்க சார். நம்பரை மட்டும் எவனுக்கும் காட்டாதீங்க, எனக்குக் காட்டவே காட்டாதீங்க."

இதைவிட யோக்கியமான பேச்சு உலகத்தில் உண்டா? அரியமுத்து புவனேஸ்வரியிடமிருந்து பணத்தை வாங்கி, பனியனுக்குள் வைத்துக்கொண்டு, பெரம்பலூர் பஸ்ஸில் நின்றுகொண்டே போனார். உட்கார்ந்தால் பக்கத்தில் ஒருவன் உட்காருவான்.

அங்கே ஒரு டிராவல்ஸ் கடையின் ஓரத்தில் அந்தக் கவுண்டர் இருந்தது. உட்கார்ந்திருந்த பெண்ணின் பெயர் சிந்தாமணி. இங்கே கட்டினால் ஒரு பத்து இலக்க நம்பர் வரும். வாங்குகிறவர் பெயரையும் அந்த நம்பரையும் சொல்லி, அடையாள அட்டையைக் காட்டினால் எந்த ஊர்க் கவுண்டரிலும் பணம் கிடைக்கும் என்று விளக்கினாள். அட்டை இல்லாதவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. அனுப்புகிறவர் ஒரு கேள்வியும் அதற்குப் பதிலும் எழுதிக் கொடுத்துவிட்டால், வாங்குகிறவர் அந்தப் பதிலைச் சரியாகச் சொன்னால் போதும்.

"அட்டையே போதுமுங்க சார். அதான் பத்திரம்" என்றாள்.

அட்டையா. ஒரே லாரிக்கு மூன்று ஆர்.சி. புத்தகம் பார்த்தவர் அவர். அட்டையை எவன் வேண்டுமானாலும் அச்சடிப்பான். அச்சடிக்க முடியாதது எது என்று கவுண்டருக்கு முன்னால் நின்று யோசித்தார். பளிச்சென்று வந்தது. கேள்வி: குலதெய்வம் எது? திருடன் ஆளை மாற்றலாம், கையெழுத்தை மாற்றலாம், ஒருத்தன் கும்பிடுகிற சாமியை எப்படி மாற்றுவான்? பதிலை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். நாமும் இப்போதைக்கு எட்டிப் பார்க்க வேண்டாம்.

வாங்குகிறவர் பெயர் என்ற இடத்தில் கலைச்செல்வன், சென்னை என்று போட்டார். மச்சினனுக்கு இதைச் சொன்னாரா என்றால், இல்லை. சொன்னால் போய் எடுத்துவிடுவானே.

"ரசீதை யாருக்கும் காட்டிடாதீங்க சார், நம்பரையும் சொல்லாதீங்க" என்று சிந்தாமணி சொன்னாள். சொன்னதோடு நிற்காமல் இன்னொரு தடவையும் சொன்னாள். இவள் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறாள் என்று அரியமுத்து வாசல்வரை யோசித்துக்கொண்டே போனார்.

ரசீதின் தலையில் கொட்டை எழுத்தில் நம்பர். வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்த புவனேஸ்வரியின் ஸ்டிக்கர் பொட்டுகளை ஒவ்வொரு இலக்கத்தின் மேலும் ஒட்டினார். பொட்டு வைத்த ரசீதை அறிவரசன் ஸ்கேன் செய்தார்.

"மங்களகரமா இருக்குங்க" என்றார்.

"அது உங்களுக்கு எதுக்கு? அனுப்புங்க."

அடுத்த நாள் தர்மராஜ் கூப்பிட்டான். குரலில் பக்தி. "ரசீது கெடச்சுது சார். நீங்க நெஜமான ஆளு. இன்னிக்கே பார்சல் போட்டுடறேன். எங்க வழக்கம் என்னன்னா, மிஷின் வெளியூர் கெளம்பும்போது வாங்குறவங்க குலதெய்வம் பேரைச் சொல்லித் தேங்கா ஒடைப்போம். உங்க சாமி எது சார்?"

இந்த இடத்தில் நீங்களும் நானும் சட்டென்று நிமிர்ந்து உட்காருவோம். அரியமுத்து நிமிரவில்லை, நெகிழ்ந்தார். சூரத்தில் தன் சாமிக்கு ஒரு தேங்காய்.

"சிறுவாச்சூர் மதுரகாளிங்க" என்றார், போனிலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டு.

"ஒடைச்சாச்சுன்னு வச்சுக்குங்க" என்றான் தர்மராஜ்.

இரண்டு நாள் கழித்து எடைமேடைக்கு மறுபடியும் போன். இந்தத் தடவை சிந்தாமணி. "சார், உங்க பணத்தை எடுக்கச் சென்னை கவுண்டருக்குக் கலைச்செல்வன்னு ஒருத்தர் வந்திருக்காரு. நம்பர் சரியாச் சொல்லிருக்காரு. அட்டை இல்லைன்னு கேள்வி கேட்டிருக்காங்க, மூணு தடவையும் பதில் தப்பு. பணத்தை நிறுத்தி வச்சுட்டாங்க. ஆளு வெளியே போயிட்டாராம். நீங்க ஒரு நடை வந்துட்டுப் போங்க."

அரியமுத்துவுக்கு வேறொன்றும் காதில் ஏறவில்லை. கலைச்செல்வன் என்ற ஒரு சொல்தான் ஏறியது. வாழ்நாள் முழுக்க அவர் காத்திருந்த சாட்சி அது. மேடையில் நின்ற லாரியை அப்படியே விட்டுவிட்டு, மச்சினன் தங்கியிருக்கிற அறைக்குப் போன் போட்டார்.

"என்னடா மாப்ள, பணம் கெடைக்கலியா?"

"எந்தப் பணம் மாமா?"

"நடிக்காத. உங்கக்கா சீட்டுப் பணம். நம்பர் எப்படிடா உன் கைக்கு வந்துச்சு? உங்கக்கா சொன்னாளா?"

"மாமா, நான் ஷிப்டு முடிச்சுட்டு இப்பத்தான் வந்து கையக் கழுவறேன். என்ன பணம், என்ன நம்பரு?"

"உம்பேருக்குத்தான் போட்டுருந்தேன். எடுக்கப் போயி மாட்டிக்கிட்ட."

"எம்பேருக்குப் போட்டீங்க. எங்கிட்ட சொல்லல. இப்பத் திருடன்னு மட்டும் சொல்றீங்க" என்றான் கலைச்செல்வன். "சரி மாமா. போனை வைக்கிறேன்."

வைத்துவிட்டான். குற்றம் செய்தவன்தானே பேச்சை முறிப்பான் என்று அரியமுத்து எடுத்துக்கொண்டார். வீட்டுக்குப் போய், ஜாக்கெட்டுக்கு ஊக்கு தைத்துக்கொண்டிருந்த மனைவி முன்னால் நின்று, "உந்தம்பி லட்சணம் தெரிஞ்சுபோச்சு" என்று ஆரம்பித்து நடந்ததை எல்லாம் சொன்னார். பொட்டு ஒட்டியதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

புவனேஸ்வரி ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். அழவில்லை, கத்தவில்லை. "பஸ்ஸு எத்தனை மணிக்கு?" என்றாள்.

கவுண்டரில் சிந்தாமணி ரசீதின் அலுவலக நகலை எடுத்துக் காட்டினாள். தலையில் நம்பர். அடியில், பார்கோடு கோடுகளுக்குக் கீழே, எறும்பு எழுத்தில் அதே நம்பர் மறுபடியும். அரியமுத்து பொட்டு வைத்தது மேல் நம்பருக்கு மட்டும். எடைச்சீட்டில் நம்பர் ஒரே இடத்தில்தான் இருக்கும். ரசீதிலும் அப்படித்தான் என்று அவர் கண் முடிவு செய்திருந்தது. நடுவில், கேள்வியும் அப்படியே பளிச்சென்று அச்சாகியிருந்தது.

"என்ன பதில் சொன்னானாம்?" என்றாள் புவனேஸ்வரி.

"சொல்லக் கூடாதுங்க." சிந்தாமணி தயங்கினாள். பிறகு புவனேஸ்வரியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "மதுரகாளின்னு சொன்னானாம். இல்லைன்னதும் மதுரகாளியம்மன்னு சொன்னானாம். அப்பறம் சிறுவாச்சூர் காளின்னானாம். மூணும் ஒண்ணுதான. பதில் அது இல்லை" என்றாள்.

புவனேஸ்வரி மெதுவாகக் கணவன் பக்கம் திரும்பினாள். "நீங்க என்னன்னு எழுதுனீங்க?"

"பாவாடைராயன்" என்றார் அரியமுத்து. "வாங்குறது உந்தம்பி. கேள்வி அவங்கிட்டதான கேப்பாங்க. உங்கப்பன் வூட்டுச் சாமி அதான?"

"மதுரகாளி யாரு வூட்டுச் சாமி?"

"நம்ம வூட்டுச் சாமி."

"அப்ப, எந்தம்பி போயிருந்தா எந்தச் சாமியச் சொல்லிருப்பான்?"

அரியமுத்து ரசீது நகலை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

"உங்க சாமி பேரை யாருகிட்டங்க சொன்னீங்க?"

சூரத்தில் தேங்காய் உடைந்த சத்தம் அவருக்கு இப்போதுதான் கேட்டது. தர்மராஜ் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தான். கேள்வியைப் படித்தான், பதிலை வாங்கினான், சென்னைக் கவுண்டருக்கு ஓர் ஆளை அனுப்பினான். கட்டிக்கொடுத்த வீட்டில் ஒரு சாமி, பிறந்த வீட்டில் ஒரு சாமி என்று ஒரு குடும்பத்துக்கு இரண்டு கணக்கு இருக்கும் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. கும்பகோணம் பக்கம் என்று சொன்னதுகூடப் பொய்யாகத்தான் இருக்க வேண்டும்.

வெளியே வந்து தர்மராஜின் நம்பருக்குப் போன் போட்டுப் பார்த்தார்கள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. "ஒருவேளை சார்ஜு எறங்கிருக்குமோ" என்றார் அரியமுத்து. புவனேஸ்வரி பார்த்த பார்வையில் அந்த வாக்கியத்தை அவரே வாபஸ் வாங்கிக்கொண்டார்.

பணத்தை இவரே திரும்ப வாங்கிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் அதே பெயருக்குப் புது நம்பர் போட்டு விடலாம் என்றாள் சிந்தாமணி.

"புது நம்பர் போடுங்க. எந்தம்பியே எடுக்கட்டும். எடுத்து அவன் கம்பெனி மிஷினையே வாங்கியாரட்டும்" என்றாள் புவனேஸ்வரி. "அட்டையக் காட்டி எடுக்கட்டும். சாமியெல்லாம் வேண்டாம்."

எஸ்.டி.டி. பூத்தில் அரியமுத்துதான் பேச வேண்டும் என்று நின்றுவிட்டாள். திருடன் என்று சொன்ன வாய்தான் நம்பரையும் சொல்ல வேண்டுமாம். அவர் ஒவ்வொரு இலக்கமாகப் படித்தார். மறுமுனையில் கலைச்செல்வன் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னான். ஒன்பதாவது வந்ததும் அரியமுத்துவின் கை தானாகப் பத்தாவதை மறைத்துக்கொண்டது.

"மாமா, ஒம்பதுதான் வந்திருக்கு."

பூத்துக்காரரின் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. புவனேஸ்வரி ரிசீவரைப் பிடுங்கி, பத்தாவதைச் சொல்லி, வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கலைச்செல்வன் மிஷினோடு வந்து இறங்கினான். லாரி பார்சலில் போட்டால் அடிபடும் என்று, தெரிந்த வேன்காரரிடம் கெஞ்சி, கூடவே உட்கார்ந்து வந்திருந்தான். தூக்கி உள்ளே வைத்தான், மட்டம் பார்த்தான், நூல் கோர்த்தான். ஒரு வெள்ளைத் துணியில் மயில் கழுத்துவரை வந்தது. அக்காவுக்கு எந்தப் பொத்தான் எதற்கு என்று சொல்லிக் கொடுத்தான். மாமா நின்ற பக்கம் திரும்பவே இல்லை. மிச்சப் பணத்தையும் கம்பெனி ரசீதையும் அக்கா கையில் கொடுத்தான்.

"கெளம்பறேன்க்கா. தண்ணி மட்டும் குடு."

புவனேஸ்வரியின் முகம் சுருங்கிவிட்டது. கோழிக்குழம்பு வைத்திருந்தாள். தம்பி வந்த வீட்டில் கை நனைக்காமல் போனால் அது எத்தனை வருஷத்துக்கு நீளும் என்று அரியமுத்துவுக்கும் தெரியும். மிஷின் வந்துவிட்டது, தம்பி போய்விடுவான். அவள் கணவனைப் பார்த்தாள்.

அரியமுத்து தொண்டையைச் செருமினார். "இருந்து சாப்ட்டுப் போ மாப்ள."

கலைச்செல்வன் முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தான். முகத்தில் சிரிப்பு இல்லை. "கொழம்புல என்ன போட்டுருக்கீங்கன்னு எனக்கு எப்படி மாமா தெரியும்?"

இது கிண்டலா, நிஜமா? அரியமுத்து அவன் முகத்தை மேலிருந்து கீழாகப் படித்துப் பார்த்தார். இத்தனை வருஷ அனுபவம் ஒன்றும் உதவவில்லை. சொந்தத்தில் யாரும் தன்னைச் சந்தேகப்பட்டு அவருக்குப் பழக்கமில்லை.

அடுப்படிக்குப் போனார். குழம்புச் சட்டியையும் கரண்டியையும் எடுத்துவந்து மச்சினன் முன்னால் வைத்தார். கரண்டியால் கொஞ்சம் அள்ளி, உள்ளங்கையில் ஊற்றி, அவன் பார்க்கப் பார்க்க நக்கினார். சூடு. கண்ணில் தண்ணீர் வந்தது. இன்னொரு தடவை ஊற்றிக்கொண்டார்.

"கொஞ்சம் பொறுங்க மாமா" என்றான் கலைச்செல்வன், தரையில் உட்கார்ந்துகொண்டே. "உங்களுக்கு ஒண்ணும் ஆகலேன்னா சாப்புடறேன்."

புவனேஸ்வரி இலையை எடுக்கத் திரும்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்கியதில் அவள் தோள் குலுங்கியது. அரியமுத்து மச்சினனுக்கு எதிரே, கையைக் காயவிட்டுக்கொண்டு, தனக்கு ஏதாவது ஆகிறதா என்று அவரும் கவனமாகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.